நேரம் தப்பி எரிந்த விளக்கு

இல்லா திருந்த இருளுக் கொளியீந்தோய்
சொல்லா திருந்தும் துயரறிந் தருள்வோய்
நில்லா உலகில் நிலைத்தவன் நீயே
எல்லாப் புகழும் இறையோய் உனதே.

அளவிலா அருளாளனின் திருப்பெயரை முன்வைத்து, அவன் தூதர் மீது ஸலவாத்துச் சொல்லி, ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையாகிய இந்நன்னாளில், ஜும்ஆ தொழுது வந்து அமர்ந்து இவ்வாரப் பகுதியை எழுதுகின்றேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. ரமழான் மாதம் மாரிகாலத்தில் வந்த ஆண்டுகளுள் ஒன்று. எந்த ஆண்டென்று வாசகர்கள் கேட்க வேண்டாம். அது தெரிந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திராது.

கடற்கரையோரத்து எங்கள் தாய்வீட்டு விறாந்தையில் பாய் விரித்திருக்கின்றது. கோப்பைகளில் நோன்புக் கஞ்சி ஆவி விடுகின்றது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் ரம்பையிலையும் சேர்ந்த அந்த மணம் பசித்தவன் கண்ணில் நீர் வரவழைக்கும். வாப்பா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கின்றார். உம்மா தண்ணீர்ச் செம்பை மூடிய தட்டை எடுத்து வைக்கின்றார். எனக்கு மூத்தவர், அப்போதுதான் மணமாகியிருந்த என் ராத்தாவின் கையில் ஓர் ஈச்சம்பழம். நான் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இளைஞன்.

எங்களில் எவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிடுகு வேலிக்கு மேலாகத் தெருமுனையில் நின்ற மின்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு எரிந்தது. முதலில் குமிழுக்குள் சிவந்த நூல்போல ஒரு கீற்று, பிறகு மஞ்சள், பிறகு ஈரத் தெரு முழுதும் பளபளப்பு.

“பத்திட்டு” என்றார் உம்மா. நோன்பு துறந்தோம்.

என் நினைவில் அக்காட்சி இவ்விடத்தில் முடிகின்றது. ராத்தாவின் நினைவில் முடியவில்லை. அவர் பாதிக் கஞ்சியைக் குடித்திருந்தபோது காற்று சற்றே அடங்கியதாம். கடலின் இரைச்சல் தணிந்ததாம். அப்போதுதான் பள்ளிவாசலில், நோன்பு துறக்கும் நேரத்தைச் சொல்லும் நகரா முழங்கத் தொடங்கியதாம்.

அப்படியானால், நாங்கள் பகலில் உண்டிருக்கின்றோம்.

கடல் காட்டாத அந்தி

எங்கள் கரையில் கடல் கிழக்கே கிடக்கின்றது. சூரியன் உதிப்பதை அது முற்றத்திலேயே கொண்டுவந்து காட்டும்; மறைவதைக் காட்டாது. அந்திச் சூரியன் தென்னந்தோப்புக்கும் ஊருக்கும் வயல்வெளிக்கும் அப்பால் எங்கோ இறங்கிவிடும். ஆகவே கடற்கரைத் தெருவார் மஃரிப் என்னும் அந்தித் தொழுகை நேரத்தைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும்.

பெரிய பள்ளிவாசலில் மோதினார் நகரா என்னும் பெருமுரசை அறைவார். கோடையில் அதன் ஓசை எங்கள் தெருவரை வரும். மாரியிலோ கடல் பகலிரவாக இரையும். நகரா எங்கள் வேலியை எட்டாது.

அந்நாளில் ஊருக்கு வெளிச்சம் தந்தது பட்டின சபையின் ஓர் இஞ்சின். சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அது இருந்தது. பொழுதுபட இயக்குவார்கள், ஊர் உறங்கும் வேளையில் நிறுத்துவார்கள். அதை இயக்கியவர் காரைதீவைச் சேர்ந்த கணபதிப்பிள்ளை. எங்கள் ஊரார் அவரை ‘இஞ்சின் கணபதியர்’ என்பார்கள்.

கொட்டகைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே ஒரு மதில்தான். ரமழான் பிறந்துவிட்டால் கணபதியர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்வார். இஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டு, தெருவிளக்கை எரியவிடும் ஆளியில் கைவைத்தபடி மதிலோரம் காதைக் கொடுத்து நிற்பார். நகராவின் முதல் அடி விழுந்ததும் ஆளியை இழுப்பார். இவ்வாறு செய்யும்படி சபையும் சொல்லவில்லை; பள்ளிவாசலும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்குக் காதால் கிடைக்காத நகரா அவர் கையால் கண்ணுக்குக் கிடைத்தது.

பள்ளியிலிருந்து அவருக்கும் ஒரு கோப்பைக் கஞ்சி போகும். “கஞ்சி ஆறப்போகுது, கெதியா அடியுங்க மோதினார்” என்று மதிலுக்கு மேலால் அவர் பகிடி விடுவாராம். “சூரியன்ட சாவி என்ட மடியிலயா கிடக்கு?” என்று மோதினார் திருப்பிக் கேட்பாராம்.

மாலைகளிலும் முனாஜாத்துகளிலும் தோய்ந்து வளர்ந்தவன் நான். அப்பாடல்கள் எல்லாவற்றிலும் ஒளி வழி காட்டும், இருள் வழி மறைக்கும். ஒளி வழி தப்பச் செய்ததாக ஓரடியையேனும் நான் ஓதியதில்லை. ஆகவேதான் ராத்தாவின் கேள்வி வந்தபோது என் மனத்தில் அதற்கு ஒப்பிட ஒரு வரியும் இருக்கவில்லை.

மேகம் கண்டால் எரிவது

அக்கேள்வி வந்தது சென்ற மாதமாகிய ரஜபில்.

ஆழிப்பேரலை வந்த அன்று கடற்கரை வீடு கடலோடு போயிற்று. ராத்தா இப்போது தம் மகள் பரீதாவின் வீட்டில், ஊரின் மேற்கெல்லையில், வயலோரத்தில் இருக்கின்றார். எண்பதைத் தாண்டிய உடம்பு. நீரிழிவாகிய சீனி வருத்தம் உண்டு, சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. நோன்பு பிடிக்கவே கூடாதென்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி இரண்டு ரமழான்கள் போய்விட்டன.

அண்மையில் அவ்வீட்டு வாசலில் ஒரு புதிய தெருவிளக்கை நட்டார்கள். அதற்கு ஆளி இல்லை. இழுக்க ஆளும் வேண்டியதில்லை. இருட்டை உணர்ந்து தானாக எரியும், விடிந்ததும் தானாக அணையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைமேகம் கவிந்தால் பட்டப்பகலிலும் அது எரிந்துவிடுகின்றது.

ஒருநாள் ராத்தா பிற்பகல் அஸர் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயலுக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்தது. சற்றுப் பொறுத்து மேகம் விலகியதும் விளக்கு அணைந்து வெயில் அடித்தது. அன்றே என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

நான் போனபோது அவர் தொழுகை விரிப்பான முஸல்லாவை மடிக்காமல் அதிலேயே அமர்ந்திருந்தார்.

“தம்பி, அண்டைக்கு நாம துறந்தது பகல்லயா?”

எந்த நாளென்று எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விறாந்தையும் கஞ்சியும் கம்பமும் என் முன் எழுந்தன. நகரா பிந்திக் கேட்டதை அன்றே அவர் வாப்பாவிடம் சொன்னாராம். அடுத்த ஊர்ப் பள்ளியின் நகராவாக இருக்கும் என்று வாப்பா சொல்லிவிட்டாராம். மணமான புதிதில் வாப்பாவோடு வாதாடுவது எப்படியென்று பேசாதிருந்தாராம். பிறகு பிள்ளை, குட்டி, கலவரம், கடல் என்று வாழ்க்கை போயிற்று. இந்தப் புதிய விளக்குத்தான் அதைத் தோண்டி எடுத்தது.

“உம்மாவும் வாப்பாவும் போய்ச் சேந்திட்டாங்க. அவங்களுக்குத் தெரியா. எனக்கு ஞாபகம் வந்திட்டே, நான் என்ன செய்ய?”

பகலில் துறந்தது உண்மையானால் அந்நோன்பு கூடாது, செல்லாது. களாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும். எனக்கும் அதே கடமை. நான் சுகதேகி. ஐயத்தின் பேரில் எனக்காக ஒருநாளும் பெற்றோருக்காக அடுத்த நாள்களும் பிடித்து முடித்தேன். ராத்தாவின் உடம்புக்கோ ஒருநாள் பட்டினியே ஆபத்து.

பரீதா குறுக்கிட்டு, ஏழைக்கு அரிசி கொடுத்தாலே போதும் என்று ஹதீஸ் மஜ்லிஸ் கூட்டத்தில் கேட்டதைச் சொன்னாள்.

“வயிறு செஞ்ச பிழைக்கு அரிசி என்னத்துக்குகா? வயிறுதான் பதில் சொல்லோணும்” என்றார் ராத்தா.

நான் மௌலவியிடம் போனேன். என் பேரன் வயதுடையவர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஹாஜியார், வழமையான அடையாளத்தைப் பாத்துத்தான் துறந்திருக்கீங்க. பிழையெண்டு தெளிவாகாத வரைக்கும் அந்த நோன்பு கூடும். தெளிவானாத்தான் களா.” பிறகு புன்னகைத்து, “குழப்பமா இரிக்கெண்டா அப்படியே விட்டிருங்க. குழப்பமும் சில நேரம் அல்லாஹ்ட ரஹ்மத்துத்தான்” என்றார்.

இதை நான் ராத்தாவிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் ஆறுதல் அடைவார் என்று எண்ணியிருந்தேன்.

“அப்ப தெளிவாக்கிக்கொண்டு வா” என்றார்.

எது முதலில் வந்தது

தெளிவாக்கப் புறப்பட்டவன் தெளிவாக இருந்தவற்றையும் தொலைத்த கதை இனி.

அது எந்த ஆண்டென்று தெரிந்தால்தான் அன்று விளக்கு முந்தியதா என்று விசாரிக்க முடியும். முதலில் போனது என் மனைவியின் அண்ணன் அபூபக்கர் மச்சானிடம். சந்தையில் நெடுங்காலம் துணிக்கடை வைத்திருந்தவர். கணபதியரின் கொட்டகை அவர் கடைக்குப் பின்புறம் இருந்திருக்க வேண்டும்.

“இஞ்சினா? எந்த இஞ்சின்?” என்றார் மச்சான். மின்சாரம் இங்கினியாகலை நீர்மின் நிலையப் பக்கமிருந்து கம்பி வழியே நேராக வந்ததென்றும், நான் கண்டது அரிசி ஆலையின் இஞ்சின் என்றும் சாதித்தார். அப்படியானால் தெருவிளக்கைப் போட்டது யாரென்று கேட்டேன். குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவனே போகிற வழியில் விளக்கையும் போட்டுவிட்டுப் போவான் என்றார்.

குழாய் வந்ததோ விளக்குக்கு வெகுகாலம் பின்பு. அதை நான் சொன்னதும் மச்சானுக்குக் கோபம் வந்தது.

எங்களூரில் எந்தச் சேவை எப்போது வந்ததென்பதற்கு ஆண்டுக் கணக்கு இல்லை, கலியாணக் கணக்குத்தான். இன்னாரின் கலியாணத்துக்குத் தெருக்குழாயில் தண்ணீர் எடுத்தோம், இன்னாரின் கலியாணத்துக்குக் கிணற்றில் இறைத்தோம் என்றுதான் சொல்வோம். ஆகவே ஊரின் வரலாற்றை எழுதப் போகிறவன் முதலில் யார் யாருக்கு மூத்தவர் என்ற வழக்கைத் தீர்க்க வேண்டும்.

தெருக்குழாய் என்றதும் சந்தி நினைவு வருகின்றது. தண்ணீர் வருமுன் குழாய்க்குள் காற்று ‘கொறகொற’ என்று உறுமும். அவ்வுறுமல் கேட்டால் வீடுகளில் தாலாட்டும் திருமறை ஓதலும்கூட ஒரு நொடி நின்றுவிடும். பெண்கள் வரிசையில் நிற்பதில்லை; குடங்களே நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருத்தியின் குடத்தை இன்னொருத்தி நகர்த்திவிட்டால் அது ஆளையே பிடித்துத் தள்ளிய குற்றம். அதற்காக இரு குடும்பங்கள் ஒரு பெருநாள் முழுதும் பேசாதிருந்ததை நான் கண்டிருக்கின்றேன். கடல் வந்து கிணறுகளெல்லாம் உப்பாகி, பவுசர் வண்டியில் தண்ணீர் வந்த நாள்களில் அதே குடும்பங்களின் வாளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. எவரும் எதையும் நகர்த்தவில்லை.

தந்தியின் வரவு வேறுவகை. எங்கள் தெருவுக்குத் தந்தி வந்தால் மரணச் செய்தி என்றே பொருள். தந்திச் சேவகனின் சைக்கிள் மணி கேட்டதும், உறை பிரிக்குமுன்பே பெண்கள் அழத் தொடங்குவார்கள். என் நியமனம் தந்தியில் வந்தபோது உம்மா அதைப் பிரிக்க விடவே இல்லை. “வாசிக்காத மட்டும் அந்த மனிசன் உசிரோட இரிப்பாரு” என்று உறையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வாப்பா பள்ளிவாசலிலிருந்து வந்து, உறையை வாங்கித் தெருவிளக்கின் கீழே கொண்டுபோய் வாசித்த பின்புதான் இறந்தவர் எவருமில்லை என்பது தெரிந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு பிடி கிடைத்ததாக நினைத்தேன். தந்தி விளக்கின் கீழே வாசிக்கப்பட்டது. ஆகவே என் நியமனத்துக்கு முன்பே விளக்கு இருந்தது.

“உன்ட தந்தி என்ட கலியாணத்துக்கு முந்தி வந்ததா, பிந்தி வந்ததா?” என்றார் மச்சான்.

“முந்தி.”

“என்ட கலியாணம் பெற்றோமாக்ஸ் லைற்றுல நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துல அதைத் தலையில தூக்கினவன் நீதான். கம்பத்துல லைற் எரிஞ்சா அது என்னத்துக்கு மச்சான்?”

அதுவும் உண்மை. மண்ணெண்ணெய் நெடியும் உச்சந்தலையில் ஏறிய சூடும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. அன்று இஞ்சின் பழுதாகியிருந்ததா? அல்லது வாப்பா தந்தியை வாசித்தது வேறொரு வெளிச்சத்திலா? அல்லது என் நினைவுதான் ஓரிடத்து விளக்கை எடுத்து இன்னோரிடத்தில் நட்டுவிட்டதா? பாவாடைத் துணி அளப்பதுபோல் மச்சான் கையால் காற்றை அளந்து ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கடைத்தொகுதி நிற்கின்றது. கடற்கரைத் தெருவின் கம்பங்களில் சில சூறாவளியில் விழுந்தன. எஞ்சியவை கடலோடு போயின. சாட்சி சொல்ல ஒரு தூண்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், அன்று வீடு திரும்பும்போது என் மனம் இலேசாக இருந்தது. மௌலவி சொன்ன குழப்பம் எங்களுக்கு முழுமையாகக் கிடைத்துவிட்டதாக எண்ணினேன்.

காரைதீவில்

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தேடிப் பார்த்தேன் என்று ராத்தாவிடம் சொல்வதானால் தேடியிருக்க வேண்டும் அல்லவா? கணபதியர் காலமாகி வெகுகாலம். காரைதீவில் அவர் மகள் தங்கம்மா இருப்பதாக அறிந்து, ஒரு காலைப்பொழுதில் போனேன்.

அவரும் முதியவர். வாசலில் நெல் காயப்போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “அப்பா உங்கட ஊர்க் கஞ்சிக் கதை கதைக்காத நாளில்ல காக்கா. கஞ்சி வாறல்லயெண்டு ரம்ஸான் முடிஞ்ச பிறகும் ஒரு கிழமைக்கு மூஞ்சயத் தூக்கி வச்சிருப்பார்” என்றார், எங்கள் ஊர் முறையில் என்னை அண்ணனாக்கி.

இஞ்சின் இருந்தது உண்மைதான் என்பது அப்போதே உறுதியாயிற்று. மச்சான் தோற்றார். எனக்கோ அதில் மகிழ்ச்சி தோன்றவில்லை.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். எப்போதாவது விளக்கு நேரம் தப்பி எரிந்ததாக அப்பா சொன்னதுண்டா என்று. இல்லை என்று சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளத்துக்குள் துஆச் செய்துகொண்டிருந்தேன்.

தங்கம்மா கோழியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓம். ஒருநாள் போட்டவர். மையத்தொண்டு கொண்டு போறாங்களாம், மழை இருட்டாம், குழிக்குள்ள இறக்க வெளிச்சம் தாங்கெண்டு சனம் வந்து நிண்டிருக்கு. அப்பா ஆளிய இழுத்திட்டார். பிறகுதான் ஆரோ வந்து சொன்னதாம், கடற்கரையில சனம் நோன்பத் துறந்திட்டெண்டு.”

கோழி திரும்பவும் நெல்லில் ஏறியது. அவர் விரட்டவில்லை.

“அடுத்த நாள் முழுக்க அப்பா பச்சத்தண்ணி வாயில வைக்கல்லயாம். அம்மா கேட்டிருக்கா, இண்டைக்கு என்ன விரதமெண்டு. ‘கெடுத்தவன் நான், நான்தானே பிடிக்கோணும்’ எண்டாராம். பொழுதுபட நகரா அடிச்ச பிறகுதான் குடிச்சவராம்.”

எந்த ஆண்டென்று கேட்டேன். அவர் அப்போது தொட்டிலில் இருந்தாராம். இவையெல்லாம் அம்மா சொல்லக் கேட்டவை. ஒரே நாள்தானா, வேறு நாள்களும் உண்டா என்று கேட்டேன். அதுவும் தெரியாது. அது யாருடைய மையத்து? தெரியாது.

புறப்படும்போது ஒரு பை நிறையத் தோட்டத்து எலுமிச்சம்பழம் தந்தார். கஞ்சிக்குப் பதில் என்று சிரித்தார்.

நான் கொண்டுபோனது

காரைதீவிலிருந்து திரும்பும் வழியில் என் மனம் பட்ட பாட்டை எந்த யாப்பில் அடைப்பதென்று தெரியவில்லை. கணபதியர் விளக்குப் போட்ட நாளும் நாங்கள் துறந்த நாளும் ஒன்றுதான் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளாக இருக்கலாம். ஆனால் ஒன்றாகவும் இருக்கலாம். இது தெளிவா, குழப்பமா? தெளிவென்றால் ராத்தாவின் உயிருக்கு அச்சம். குழப்பமென்றால் நான் எதைத்தான் போய்ச் சொல்வது? பேசாதிருந்தால் அது பொய்யா, இரக்கமா?

ராத்தாவின் முன்னால் அமர்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து மறைக்க எனக்கு இயலவில்லை.

அந்த மையத்து யாருடையதென்று அவர் நினைவுகூர முயன்றார். அவ்வாண்டு ரமழானில் எங்கள் பக்கத்தில் எவரும் மௌத்தானதாகத் தமக்கு நினைவில்லை என்றார். எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. அதைச் சாக்காகப் பற்றிக்கொண்டு, அப்படியானால் அது வேறு நாள்தான், மௌலவி சொன்னபடி விட்டுவிடலாம் என்று விரைந்து சொன்னேன். பரீதாவும் சேர்ந்துகொண்டாள்.

ராத்தா எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தார்.

“அந்த மனிசன் பிடிச்சிட்டாரு. நான் இன்னும் பிடிக்கல்ல.”

அவ்வளவுதான் சொன்னார்.

இருட்டும் வரை

இம்மாதத்தில் ஒருநாள், அஸருக்குப் பின் பரீதாவிடமிருந்து அழைப்பு வந்தது. தன் உம்மா காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. மதியச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கின்றார். மாத்திரையை விடியுமுன் ஸஹர் வேளையிலேயே எழுந்து தாமாகப் போட்டுக்கொண்டாராம். இப்போதுதான் கண்டுபிடித்தேன், வாங்க மாமா என்றாள்.

போனேன். ராத்தா சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். உதடுகள் வெளுத்திருந்தன. பரீதா விரலில் குத்திச் சீனியைப் பார்த்திருந்தாள். தாழ்ந்திருந்தது, ஆயினும் அபாயத்தைத் தொடவில்லை. பக்கத்தில் தண்ணீரும் ஈச்சம்பழமும் வைத்திருந்தாள். துறந்துவிடுங்கள், இந்நிலையில் துறப்பது பாவமில்லை என்று நானும் சொன்னேன். மார்க்கம் அறிந்தவன் என்ற முறையில் சொன்னேன். தம்பி என்ற முறையிலும் சொன்னேன். தலைசுற்றினால் தாமே சொல்வதாக வாக்களித்தார்.

மேற்கே மேகம் கவிந்தது. வயல் கறுத்தது. வாசலில் தெருவிளக்கு எரிந்தது.

“லைற் வந்திட்டு உம்மா, துறங்க” என்றாள் பரீதா. மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்ததென்பது அவளுக்கும் தெரியும். அவள் கண்கள் என்னிடம் கெஞ்சின. ஒத்துக்கொள்ளுங்கள் மாமா என்றன.

ராத்தா விளக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“ஒருதரம் லைற்ற நம்பினது போதும் புள்ள.”

சிறிது நேரத்தில் மழை கொட்டியது. அத்தோடு மின்சாரம் நின்றது. தெருவிளக்கு அணைந்தது, விசிறி நின்றது. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் ஓய்ந்திருக்க வேண்டும்; அல்லது தகரக் கூரையில் விழுந்த மழை அவற்றை விழுங்கியிருக்க வேண்டும். பாங்கு எங்களுக்குக் கேட்கவில்லை. பரீதாவின் கைபேசி பாங்கு சொன்னது. என் கைபேசி சொல்லவில்லை. அது, அந்தி சற்றுப் பிந்தும் கொழும்பின் தொழுகை நேரத்தில் கிடந்ததாகப் பிறகு தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தால் சூரியன் இருக்குமிடமே தெரியவில்லை.

நேரம் ஆனதும் நோன்பு துறப்பதை விரைவுபடுத்துவது நபிவழி. அதை நான் சொன்னேன். ஆனால் நேரம் ஆயிற்றா என்று அவர் திருப்பிக் கேட்டார். நகரா, இஞ்சின், கம்பி, ஒலிபெருக்கி, கைபேசி என்று என் ஆயுளில் ஊருக்கு வந்த யாவும் அந்த நேரத்தில் என் கையைவிட்டுப் போயிருந்தன.

ராத்தா தம் வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். நாங்கள் காத்திருந்தோம். கதவு கரைந்தது. தண்ணீர்ச் செம்பு கரைந்தது. பரீதாவின் முகம் கரைந்தது. அவள் விசும்புவது மட்டும் கேட்டது.

“தம்பி, என்ட கை உனக்குத் தெரியுதா?”

“தெரியல்ல ராத்தா.”

“எனக்கும் தெரியல்ல. அப்ப சரி.”

இருளில் பிஸ்மி சொல்லும் ஓசை கேட்டது. பிறகு தண்ணீர் விழுங்கும் ஓசை.

ராத்தா நலமாக இருக்கின்றார். வைத்தியர் ஏசியதையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். வரும் ரமழானில் நோன்பு பிடிக்க மாட்டார். அதற்குரிய அரிசியைக் கொடுக்கும்படி பரீதாவிடம் அவராகவே சொல்லிவிட்டார். அந்த மாரி மாலையில் நாங்கள் துறந்தது பகலிலா இரவிலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வெளிச்சம் வந்தபின் துறந்ததில் ஐயம் கொண்டோம். இருட்டு வந்தபின் துறந்ததில் ஐயம் இல்லாமல் இருந்தோம். நான் ஓதிய பாடல்களில் இதற்கும் ஒரு வரி இல்லை.

இதை வாசிக்கும் கண்களுக்கு வல்லவன் ஒளி தருவானாக. ஒளி தவறும் வேளையில் இருளையும் துணையாக்குவானாக. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீரும் விளக்கில் வெளிச்சமும் கோப்பையில் கஞ்சியும் குறையாதிருக்க அருள்வானாக. நேரம் அறிந்து பிடித்தவற்றையும் அறியாமல் துறந்தவற்றையும் அவன் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.